அஞ்சு வருஷமா வெப்சைட்ல புதுசு புதுசா எழுதிப் போட்டதுல என் அனுபவம் (கொடைக்கானல்ல இருந்து)

நமக்கு கொடைக்கானல்ல வில்பட்டி போற ரூட்டுல மூணு ரூம் ஹோம்ஸ்டே. 2020 லாக்டவுன்ல ஒரு ஈ காக்கா கூட மலையேறல, அப்ப வீட்டுல சும்மா இருந்த சித்தி பையன் வேர்ட்பிரஸ்ல ஒரு வெப்சைட் போட்டுக் குடுத்தான். குடுக்கும்போதே சொன்னான், "அண்ணே இதை இப்படியே போட்டு வச்சுறாதீங்க, வாரத்துக்கு ஒண்ணாவது புதுசா எழுதுங்க, அப்பதான் கூகுள் மதிக்கும்"னு. அன்னைல இருந்து எழுதிட்டே இருக்கேன், நல்லதும் நடந்திருக்கு, அடியும் வாங்கிருக்கேன்.

முத ரெண்டு வருஷம் என்ன எழுதுனேன்னா, எல்லாரும் எழுதுறதைத்தான். பாக்க வேண்டிய 10 இடம், ஏரி 1863ல உருவாக்குனது, கோக்கர்ஸ் வாக் 1872, சூரிய ஆராய்ச்சி நிலையம் 1899ல சென்னைல இருந்து இங்க வந்துச்சு, இப்படி. ஒண்ணும் தப்பில்ல, ஆனா இதையே எனக்கு முன்னாடி ஆயிரம் பேரு எழுதிட்டான், அவங்களை விட்டுட்டு என் சைட்டுக்கு ஏன் வரணும்? ஒரு நாளைக்கு பத்து பதினஞ்சு பேர் வருவாங்க, அதுல பாதி நம்ம சொந்தக்காரங்க.

2022ல ஒருத்தர்கிட்ட காசு குடுத்து மொத்தமா முப்பது ஆர்ட்டிகிள் வாங்குனேன். வாரம் ரெண்டு போட்டேன், படிச்சுக்கூட பாக்கல, அவ்வளவு சோம்பேறித்தனம். அதுல ஒண்ணுல ஏரில போட்டிங் முடிச்சுட்டு சாயந்திரம் அப்படியே தொட்டபெட்டா போயிட்டு வரலாம்னு எழுதிருக்கு! தொட்டபெட்டா ஊட்டில இருக்கு சாமி. ஒரு கெஸ்ட் சாப்பிடும்போது போனைக் காட்டி சிரிச்சப்பதான் எனக்கே தெரியும்.

அதுக்கப்புறம் இன்னொரு தந்திரம் யாரோ சொன்னாங்க, பழைய பக்கத்துல எதையும் மாத்தாம தேதியை மட்டும் புதுசாக்கிட்டா போதும்னு. அதுக்கு ஒரு ப்ளகின் (வெப்சைட்டோட சேத்து மாட்டுற குட்டி சாஃப்ட்வேர்) போட்டேன், வாரா வாரம் எல்லாப் பக்கத்துலயும் தேதி தானா மாறிரும். இதுலதான் வசமா மாட்டுனேன்.

கொரோனாவுக்காக வச்சிருந்த இ-பாஸை ரத்து பண்ணுனப்ப "எப்படி வருவது"ங்கிற பக்கத்துல "இனி இ-பாஸ் தேவையில்ல, நேரா வண்டிய எடுத்துட்டு வாங்க"ன்னு எழுதி வச்சிருந்தேன், அதை மறந்தே போயிட்டேன். 2024 மே 7ல இருந்து ஹைகோர்ட் உத்தரவுல ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் திரும்ப இ-பாஸ் வந்துச்சுல்ல, அந்த வாரத்துலயே ஒரு ஃபேமிலி என் பக்கத்தைப் பாத்துட்டு பாஸ் எடுக்காம ஏறி வந்துட்டாங்க. டோல்கேட்டுல நிறுத்திட்டாங்க. அங்க ஃப்ரீயா எடுக்கலாம்தான், ஆனா டவர் ஒரு கோடு காட்டுது, ஓடிபி வரல, பின்னாடி இருபது வண்டி ஹாரன், வண்டிக்குள்ள ரெண்டு வயசுக் குழந்தை வாந்தி. அந்த அண்ணன் போன்ல கத்துனாரு, "உங்க சைட்ல போன வாரம் அப்டேட் பண்ணதுன்னு போட்டிருக்கே சார், அதை நம்பித்தானே வந்தோம்"னு. எனக்கு வாயே வரல. பழசுன்னு தெரிஞ்சிருந்தா அவரே ஒரு தடவை விசாரிச்சிருப்பாரு, நான்தான் புதுசுன்னு வேஷம் போட்டு ஏமாத்திருக்கேன். அன்னைக்கு நைட்டே ப்ளகினைத் தூக்குனேன், ரூம் வாடகைல பாதி அவருக்குத் திருப்பியும் குடுத்துட்டேன்.

அப்புறமாத்தான் உக்காந்து படிச்சேன், கூகுள் தன்னோட வழிகாட்டுதல்லயே இதைத் தெளிவா கேக்குது, விஷயத்தை மாத்தாம தேதியை மட்டும் மாத்துறியான்னு. சைட் புதுசா தெரியும்னு நெறய எழுதிக் கொட்டுறதும் பழசை அழிக்கிறதும் உதவாதுன்னும் சொல்லுது. 2024 மார்ச்ல வந்த பெரிய அப்டேட்ல மொத்தமா தயாரிச்சுக் கொட்டுற கன்டென்ட்டையும் குறி வச்சாங்க. என் முப்பது ஆர்ட்டிகிள் அதுல அடிபட்டுச்சா, இல்ல அதுக்கு முன்னாடியே செத்துக் கெடந்துச்சான்னு சொல்லத் தெரியல, சர்ச் கன்சோல்ல (கூகுள்ல தேடி எத்தனை பேர் நம்ம சைட்டுக்கு வந்தாங்கன்னு காட்டுற கூகுள் கருவி) பாத்தா எப்பவுமே தரைலதான் ஓடிருக்கு. இருபத்தாறை அழிச்சுட்டேன். மிச்சம் நாலை நானே திருத்தி எழுதுனேன்.

இப்ப பண்றது இதுதான். "இன்னைக்கு மலைல"ன்னு ஒரே ஒரு பக்கம், யூஆர்எல் (அந்தப் பக்கத்தோட முகவரி) மாறாது, தினம் காலைல எட்டு மணிக்குள்ள அஞ்சாறு வரி. மழையா வெயிலா, பனிமூட்டம் எங்க வரைக்கும் இறங்கிருக்கு, வத்தலக்குண்டு ரோடு எப்படி, பழனி ரோடு எப்படி, யானை நடமாட்டம்னு பேரிஜம் ஏரிப் பக்கம் மூடிருக்காங்களா, அவ்வளவுதான். ரோடு விஷயம் பால் வண்டிக்காரரும் காய்கறி லோடு இறக்குற தம்பியும் போன்ல சொல்லிருவாங்க. மார்கழி தை மாசத்துல உறைபனி பாக்கணும்னே கேப்பாங்க, அதுக்கு ஆறு மணிக்கெல்லாம் எந்திரிச்சு கொல்லைல இருக்குற புல்லுத்தரைய ஒரு போட்டோ எடுப்பேன். மொத நாள் ராத்திரி மேகம் இல்லாம வானம் நட்சத்திரமா இருந்துச்சுன்னா காலைல புல்லு மேல உப்பு தூவுன மாதிரி இருக்கும், செருப்பு வச்சா மொறு மொறுன்னு சத்தம் கேக்கும். மூட்டமா இருந்தா ஒண்ணும் இருக்காது, அன்னைக்கு "இன்னைக்கு இல்ல"ன்னு எழுதிருவேன். இந்த "இல்ல"ங்கிற வரிக்குத்தான் ஆளுங்க என்னை நம்புறாங்கன்னு நெனைக்கிறேன்.

போட்டோவை போன்ல இருந்து அப்படியே ஏத்தாதீங்க. நான் அஞ்சு எம்பி படத்தை ஏத்திட்டு பேசாம இருந்தேன், மலை ரோட்டுல பஸ்ல வர்றவங்களுக்கு பக்கம் தெறக்கவே இல்ல. இப்ப எழுத்து மேல, படம் கீழ, அதுவும் சுருக்கித்தான்.

வேடிக்கை என்னன்னா, சைட்டுக்கு வர்றவங்க கணக்கைக் காட்டுற கூகுள் அனலிட்டிக்ஸ் இந்தப் பக்கத்தை மோசம்னு காட்டுது. 10 செகண்டுக்கு மேல இருந்தாதான், இல்லாட்டி இன்னொரு பக்கமாவது தெறந்தாதான் அது ஒழுங்கான விசிட்னு எடுத்துக்கும். என் ஆளுங்க வர்றாங்க, ரெண்டு வரி பாக்குறாங்க, போயிர்றாங்க. ஆனா நாளைக்கும் வர்றாங்க! தேனிக்காரர் ஒருத்தர் ஒன்றரை வருஷமா தினம் பாக்குறாரு, ஒரு தடவை கூட ரூம் கேட்டதில்ல. ஆனா அவர் சொல்லி வந்தவங்க மட்டும் நாலு ஃபேமிலி. அதனால நான் அந்த நம்பரை விட்டுட்டு திரும்ப வர்றவங்க கணக்கை மட்டும்தான் பாக்குறேன்.

இ-பாஸ் பக்கமும் அதே யூஆர்எல்தான். 2025 ஏப்ரல்ல இருந்து ஜூன் வரைக்கும் வார நாள்ல 4000 வண்டி, சனி ஞாயிறு 6000 வண்டின்னு கொடைக்கானலுக்கு அளவு வச்சப்ப, புதுசா ஒரு பக்கம் ஆரம்பிக்காம பழையதுலயே மேல எழுதுனேன். யூஆர்எல்ல வருஷத்தைப் போட்டு ஒவ்வொரு வருஷமும் புதுசா ஆரம்பிச்சா, முன்னாடி சேத்த பேரெல்லாம் பழைய பக்கத்துலயே தங்கிரும். குறிஞ்சில அந்தத் தப்பைப் பண்ணிருக்கேன், "குறிஞ்சி-2018"னு யூஆர்எல்லோட ஒண்ணு எழுதி வச்சு, அதைத் தேடி வர்றவங்க 18ன்னு பாத்ததும் ஓடிப் போயிருவாங்க. பன்னெண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் அது பூக்கும், 2006, 2018, அடுத்தது 2030. நடுவுல வருஷா வருஷம் "குறிஞ்சி பூத்துருச்சு"ன்னு ஃபார்வேர்டு வரும், அது வேற ஜாதிக் குறிஞ்சி, அதையும் போட்டோவோட எழுதி வருஷம் இல்லாத யூஆர்எல்லுக்கு மாத்திட்டேன், பழைய லிங்க்கைத் தட்டுனாலும் புதுப் பக்கத்துக்கே போற மாதிரி ரீடைரக்ட்டும் குடுத்தாச்சு. இப்ப அது ரெண்டாவது பெரிய பக்கம், பூவே இல்லாம! இன்னொண்ணு, சர்ச் கன்சோல் 16 மாசக் கணக்குதான் வச்சிருக்கும், சீசனுக்கு சீசன் ஒப்பிடணும்னா நாமதான் எக்செல்ல எடுத்து வச்சுக்கணும், நான் மே மாசம் முடிஞ்சதும் எடுத்துருவேன்.

ஞாயித்துக்கிழமை சந்தைல மலைப்பூண்டு என்ன வெலைன்னும் கொஞ்ச நாள் போட்டேன். 2019ல புவிசார் குறியீடு வாங்குனதுல இருந்து கீழ இருந்து வர்றவங்க அதை விடாம கேக்குறாங்க. ஆனா வெலை எழுதுனா வியாபாரிங்க சண்டைக்கு வர்றாங்க, விட்டுட்டேன்.

கஷ்டம் இல்லாம இல்ல. காய்ச்சல் வந்தாலும் எழுதணும். திண்டுக்கல்ல ஒரு கல்யாணத்துக்கு நாலு நாள் போனப்ப வீட்டம்மாகிட்ட விட்டுட்டுப் போனேன், அவ எழுதுனது என்னோடதை விட நல்லா இருந்துச்சு, "துணி காயாது, ஸ்வெட்டர் ரெண்டா எடுத்துட்டு வாங்க"ன்னு. அந்த வரிய பாத்துட்டு மூணு பேரு போன் பண்ணுனாங்க. இப்ப வாரத்துல ரெண்டு நாள் அவதான் எழுதுறா.

ஐப்பசி மழை பிடிச்சு ஊத்துது, பெருமாள்மலைகிட்ட ஒரு மரம் சாஞ்சிருக்குன்னு இப்பதான் பால் வண்டிக்காரர் போன் பண்ணுனாரு. போய் பாத்துட்டு வந்து போடணும், எட்டு மணி தாண்டுச்சுன்னா தேனிக்காரர் கூப்பிட்டுருவாரு.