வின்ச்சில் ஏறி, இடும்பனிடம் இறங்கி

பழனிக்குப் போய்ப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. சிங்கப்பூரில் தைப்பூசத்துக்குச் சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை வருஷா வருஷம் பால்குடம் எடுக்கிறவன் நான். அங்கே இருப்பவரும் தெண்டாயுதபாணிதான்; 1859ல் செட்டியார்கள் கட்டிய கோயில். ஒட்டன்சத்திரத்தில் இருக்கும் அம்மாவிடம் இதெல்லாம் செல்லாது. "அங்க நடந்தது அங்கத்துக் கணக்கு கண்ணு, இங்கத்துக் கணக்கு பாக்கி இருக்கு" என்று இந்த ஆடியில் இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

அம்மாவுக்கு எழுபத்து நாலு வயது, இரண்டு முட்டியும் தேய்ந்துபோனவை. ரோப் கார் இருக்கிறதே என்ற தைரியத்தில் கிளம்பினேன். 2004 நவம்பரில் வந்தது அது, சில நிமிஷத்தில் மேலே விட்டுவிடும். வருஷத்துக்கு ஒரு முறை பராமரிப்புக்காக வாரக்கணக்கில் நிறுத்துவார்கள், காற்று பலமாக அடித்தாலும் ஓடாது. இதை விசாரிக்காமல் டிக்கெட் போட்டது என் புத்தி. வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் கிளம்பும் முன் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

வாடகைக் கார் ஓட்டி வந்தவர் ஊருக்குள் நுழையும்போதே ஆரம்பித்தார். "ரோப் கார் இல்லைங்க, மேல போறது சிரமம், நமக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர் இருக்காரு, நேரா சந்நிதிக்கே கூட்டிட்டுப் போயிருவாரு." தெரிஞ்சவர் ஒரு தேங்காய் பழக் கடை வாசலில் தயாராக நின்றார். அவர் சொன்ன தொகையைக் கேட்டதும் அம்மா காரை விட்டு இறங்கி நடக்க ஆரம்பித்துவிட்டார், முட்டி வலி எங்கே போனதென்று தெரியவில்லை.

உண்மையில் அந்த ஆள் தேவையே இல்லை. 2024லிருந்து கிரிவீதியில் வெளி வண்டிகளை விடுவதில்லை. தேவஸ்தானமே பேட்டரி காரும் மினி பஸ்ஸும் காசில்லாமல் ஓட்டுகிறது. முன்பு அந்த வீதியில் குதிரை வண்டி, ஆட்டோ, தட்டுக் கடை எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும். இப்போது அடிவாரத்தில் நின்று மலையை நிமிர்ந்து பார்க்க முடிகிறது.

அம்மாவுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் திருஆவினன்குடி. மூன்றாம் படைவீடு என்று நக்கீரர் பாடியது அடிவாரத்தில் இருக்கும் இந்தக் கோயிலைத்தான், மலையை அல்ல. இங்கே முருகன் மயில்மேல் உட்கார்ந்திருக்கும் குழந்தை. பழத்துக்காக உலகைச் சுற்றி வந்தால் அண்ணன் அப்பா அம்மாவைச் சுற்றிவிட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறான்; அந்தக் கோபத்தோடு வந்து இறங்கிய கோலம். மலைமேல் இருப்பது கோபம் முற்றிக் கோவணமும் தண்டமுமாய் நிற்கும் ஆண்டி. கீழே பார்க்காமல் மேலே போனால் கதையைப் பாதியில் கேட்ட மாதிரி என்பது அம்மாவின் கட்சி. 'பழம் நீ' என்று சொல்லிச் சமாதானம் செய்ததால் பழனி என்பார்கள். அகநானூற்றின் முதல் பாட்டிலேயே மாமூலனார் இந்த ஊரைப் 'பொதினி' என்கிறார், அதுதான் திரிந்து பழனி ஆனது என்பாரும் உண்டு. எனக்குப் பழக் கதையே போதும்.

மொட்டைக்குக் கட்டணம் கிடையாது, 2021லிருந்தே அப்படித்தான். செல்போனை 2023 அக்டோபரிலிருந்து மேலே கொண்டுபோக முடியாது. அஞ்சு ரூபாய் கொடுத்து டோக்கன் வாங்கி வைத்துவிட்டோம். கை இரண்டும் என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் ஆடின.

பிறகு வின்ச் வரிசை. 1966லிருந்து ஓடுகிற வண்டி, சரிவில் கம்பிவடம் இழுக்க இழுக்க மெல்ல ஏறுகிறது. ரோப் கார் இல்லாத நாளில் கூட்டம் முழுதும் இங்கே வந்துவிடும். ஒன்றேகால் மணி நேரம் நின்றோம். பக்கத்தில் பாலக்காட்டுக் குடும்பம் ஒன்று. மலைமேல் முருகன் மேற்கே பார்த்து நிற்பதே கேரளத்துக்காரர்கள் எங்களைப் பார்க்கத்தான் என்று அந்தப் பெரியவர் சொன்னார். கொங்கு நாட்டில் உட்கார்ந்துகொண்டு அம்மா இதை எப்படி ஒத்துக்கொள்வார்? ஆனாலும் தலையை ஆட்டி வைத்தார்.

மேலே சாயரட்சை என்னும் சாயங்கால பூஜை, ராஜ அலங்காரம். கோவணாண்டியைக் காணப் போனவன் கிரீடத்தோடு ராஜாவைப் பார்த்தேன். போகர் என்ற சித்தர் ஒன்பது பாஷாணங்களைக் கட்டிச் செய்த மேனி என்பது வழிவழியாய்ச் சொல்லப்படுவது. அவர் சமாதியும் அதே பிராகாரத்தில் இருக்கிறது, கூட்டம் அங்கே குறைவு, நிதானமாக நிற்கலாம். இராக்காலத்தில் சிலைக்குச் சாத்தும் சந்தனத்தைக் காலையில் பிரசாதமாகத் தருவார்கள். அதற்கு விடியலில் வர வேண்டும், எங்களுக்கு வாய்க்கவில்லை. ஏழு மணிக்குத் தங்கரதம் புறப்பட்டதைப் பார்த்தோம்.

திரும்பும்போது வின்ச் பக்கம் நடந்தேன். அம்மா வரவில்லை.

"இடும்பனைப் பாக்காம எப்படிப் போறது?"

அகத்தியருக்காக இரண்டு மலைகளைக் காவடியாய்க் கட்டித் தூக்கி வந்தவன் இடும்பன். இளைப்பாற இங்கே இறக்கி வைத்தவன் மறுபடி தூக்க முடியாமல் பார்த்தால், மேலே ஒரு சிறுவன் இது என் மலை என்கிறான். சண்டையில் இடும்பன் செத்து, இடும்பி அழுது, உயிர் பெற்றுக் காவல்காரனாய் நின்றுவிட்டான். அந்த இன்னொரு மலை எதிரிலேயே நிற்கிறது. நாம் எடுக்கும் காவடியெல்லாம் அவன் போட்ட வழி. அவன் சந்நிதி படிக்கட்டு வழியில் இருக்கிறது. வின்ச்சிலும் ரோப் காரிலும் போகிறவர்கள் அவனைத் தாண்டிப் பறந்துவிடுகிறோம். அறுநூற்றுச் சொச்சம் படி. அதில் கொஞ்ச தூரம் யானைப்பாதையில், கொஞ்சம் என் தோளைப் பிடித்து, கொஞ்சம் உட்கார்ந்து, அம்மா இறங்கினார். எதிரே ஏறி வந்தவர்கள் "அரோகரா" சொல்லி வழி விட்டார்கள். இடும்பன் முன்னால் நின்றதும், "வரிசை தப்பிப் போச்சு சாமி, இவன்தான் வின்ச்சுல கூட்டிட்டுப் போயிட்டான்" என்று என்னைக் காட்டிக் கொடுத்தார்.

கடைசியாக ஒன்று. பஞ்சாமிர்தத்துக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது, தமிழ்நாட்டில் ஒரு கோயில் பிரசாதத்துக்குக் கிடைத்தது அதுதான் முதல். ஆனால் விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையில் அது குழம்பு மாதிரியான பண்டம், கைப்பையில் ஏறாது. நான்கு டப்பாவில் மூன்றைப் பெட்டியில் போட்டிருந்தேன். நான்காவதை வரிசையில் நின்ற இரண்டு குழந்தைகளும் நானும் அங்கேயே காலி செய்தோம்.