போக்கர் செட்டு அருமை, கூட வார பேப்பருதான் சரியில்ல

டவுன் ரதவீதியில ஒரு ஃபேன்சி கடையில வாங்குன 300 சிப் போக்கர் செட்டுங்க இது. அலுமினியப் பெட்டி, அஞ்சு கலர் சிப்பு, ரெண்டு சீட்டுக்கட்டு, டீலர்னு எழுதுன ஒரு வெள்ள வட்டு, அப்புறம் வார்த்தைக்கு அர்த்தம் சொல்லுத ஒரு மடிச்ச பேப்பர். மூவாயிரத்துக்குள்ள தாராளமா வாங்கலாம்.

சிப்பு ஒண்ணு 11.5 கிராம், உள்ள இரும்புத் தகடு இருக்கதால கையில நல்லா கனமா நிக்கி, ரெண்டு அடுக்க விரலால ஒண்ணுக்குள்ள ஒண்ணு கோத்தா வார சத்தத்துக்கே, இத்தன நாளும் புளியமுத்து வச்சு ஆடுன எங்க வீட்டுப் பயலுவ அடிச்சுக்கிட்டானுவ. சீட்டு முழு பிளாஸ்டிக்கு. நம்ம ஊரு மே மாச வேர்வையில அட்டைச் சீட்டு வீங்கி ஒட்டிக்கிடும்லா, இது ஈரத்துணிய வச்சுத் தொடச்சா தீந்துச்சு.

குறை அந்தப் பேப்பர்தான். எல்லா வார்த்தையையும் ஏ பி சி டி வரிசையில போட்டுருக்கான், ஆல் இன் (கையில இருக்க சிப்பு பூராவையும் வைக்கது) மொதல்ல வருது, ரிவர் கடைசிப் பக்கமா போயிருது, புதுசா படிக்கவங்களுக்கு இது எப்படி மண்டையில ஏறும்? சீட்டு விழுத வரிசையில சொன்னா ஒரே ஆட்டத்துல புரிஞ்சிரும். எங்க மயினிக்கு அப்படித்தான் சொல்லிக்குடுத்தேன்.

டீலர் வட்டு யாரு முன்னால இருக்கோ அவருக்கு இடப்பக்கத்து ஆளு ஸ்மால் பிளைண்டு, அடுத்த ஆளு பிக் பிளைண்டு, அதாவது சீட்டப் பாக்கதுக்கு முன்னாலயே கட்டாயம் போட வேண்டிய சிப்பு, சின்னது பெரும்பாலும் பெருசுல பாதி. ஆளுக்கு ரெண்டு சீட்டு கவுத்திப் போட்டா ஹோல் கார்டு, நடுவுல மூணு சீட்ட ஒண்ணா தெறந்தா ஃபிளாப், நாலாவது டர்ன், அஞ்சாவது ரிவர். பந்தயம் யாரும் கட்டலன்னா சும்மா தட்டிவிட்டுப் போறது செக், எதிராளி போட்ட அளவுக்கே போட்டா கால், கூட்டிப் போட்டா ரெய்ஸ், வேண்டாம்னு சீட்டக் கவுத்திட்டா ஃபோல்டு, ரம்மியில ஸ்கூட் விடுதோம்லா அதேதான்.

பேப்பர்ல தப்பாவே போட்டுருக்கது நட்ஸ். ராயல் ஃபிளஷ்தான் (ஒரே சாதியில 10, ஜாக், குயின், கிங், ஏஸ்) நட்ஸ்னு அடிச்சு வச்சிருக்கான். அப்படிக் கெடையாது, அந்தத் தரைக்கு, அதாவது நடுவுல தெறந்து கெடக்க சீட்டுக்கு, தன் சீட்டையும் சேத்து ஒருத்தர் கையில வரக்கூடிய ஆகப் பெரிய கை எதுவோ அதுதான் நட்ஸ். தரையில ஆர்ட்டின் கிங், கிளாவர் 9, டைமன் 8, ஸ்பேடு 4, கிளாவர் 2 கெடக்குன்னு வைங்க, அங்க ஃபிளஷுக்கும் (ஒரே சாதியில அஞ்சு சீட்டு) வழியில்ல ஸ்ட்ரெய்ட்டுக்கும் (வரிசையா அஞ்சு சீட்டு) வழியில்ல, கையில ரெண்டு கிங் வச்சிருக்கவர்தான் ராஜா, மூணு கிங்குதான் அங்க நட்ஸ். இது புரியாம எதிராளி கைய கணிக்கவே முடியாது.

அவுட்ஸ், அதாவது இனிமே வந்தா நம்ம கை சேந்துருங்குத சீட்டுக, அத பத்தியும் ஒரு வரியோட முடிச்சிட்டான். ஃபிளாப் விழுந்ததும் கையும் தரையும் சேத்து நாலு ஆர்ட்டின் இருந்தா, மிச்சம் இருக்க 9 ஆர்ட்டினும் உங்க அவுட்ஸ். ஃபிளஷ் சேர எத்தன சதவீதம் வாய்ப்புன்னு பாக்க, ரெண்டு சீட்டு பாக்கின்னா அவுட்ஸ நாலால பெருக்கணும், 36 வருது, சரியான கணக்கு 35 சதவீதம். ஒரு சீட்டுதான் பாக்கின்னா ரெண்டால பெருக்குனா போதும். பத்தாங்கிளாஸ் பிள்ளையளுக்கு இதவிட நல்ல நிகழ்தகவு பாடம் கெடைக்காது.

பட்டப்பேரு எல்லாம் நல்லாத்தான் போட்டுருக்கான். கையில ரெண்டு ஏஸ் வந்தா பாக்கெட் ராக்கெட்ஸ், சராசரியா 221 கைக்கு ஒருக்காதான் வரும். ரெண்டு கிங் கௌபாய்ஸ். ரெண்டு ஏஸும் ரெண்டு எட்டும் சேந்தா டெட் மேன்ஸ் ஹேண்டு, 1876ல அமெரிக்காவுல டெட்வுட்டுங்குத ஊருல வைல்ட் பில் ஹிக்காக்குங்குத துப்பாக்கி வீரர சீட்டாடும்போதே சுட்டாங்கல்லா, அப்ப அவரு கையில இருந்ததா சொல்லுத சீட்டு அது.

டில்ட்ங்கத மட்டும் பெருசா எழுதியிருக்கணும். நல்ல கைய வச்சிருந்தும் கடைசிச் சீட்டுல தோத்தா பேட் பீட், அந்தக் கடுப்புல கண்ண மூடிக்கிட்டுச் சிப்பத் தள்ளுனா டில்ட். காசு வச்சு ஆடுதவன் குடும்பம் அழியுததே இங்கதான். காசு கட்டி ஆடுத ஆப்புகளுக்கு 2025ல மத்திய அரசே சட்டம் போட்டுத் தடை வச்சிட்டாங்க, வீட்டுலயும் சிப்போட நிப்பாட்டிக்கிடுங்க.

அஞ்சுக்கு நாலு ஸ்டார். பெட்டிக் கொக்கி ஒண்ணு எங்களுக்கு லூசா வந்துச்சு, கடையிலயே தெறந்து மூடிப் பாத்து வாங்குங்க.