கேமில் ஹைட்ராஸ் என்கிற பாஸ் முன்னால் நின்று அடி வாங்குகிற டேங்குக்கு ரெசிஸ்டன்ஸ் (மாய அடியைத் தடுக்கிற புள்ளி) 300 போதுமா, 365 வேண்டுமா?

"300 போதும்லா மக்கா, மிச்சத்தை ஹீலர் பாத்துக்கிடுவாரு." 2021 அக்டோபரில் டிஸ்கார்டில் இதைச் சொன்னவன் நான்தான். அன்றைக்கு ராத்திரி ஏழு தடவை செத்தோம்.

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டின் பர்னிங் க்ரூசேட் கிளாசிக்கில், அந்தச் செப்டம்பரில்தான் ஹைட்ராஸ் இருக்கிற சர்ப்பன்ட்ஷ்ரைன் கேவர்ன் திறந்திருந்தது. நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குலசேகரம் என்று எங்கள் ஜில்லாக்காரர்கள் ஒன்பது பேர் ஓர் ஐரோப்பிய சர்வர் கில்டில், அதாவது ஆட்டக் குழுவில், ஒட்டிக்கொண்டிருந்தோம். அங்கே இரவு எட்டு மணிக்கு ரெய்டு (கூட்டமாகப் போய் பாஸை அடிப்பது) என்றால் இங்கே பதினொன்றரை, குளிர்காலத்தில் பன்னிரண்டரை. வீட்டில் எல்லாரும் தூங்கின பிறகு, சுக்குகாப்பியை வைத்துக்கொண்டு கிசுகிசு குரலில் டேங்க் செய்கிற பிழைப்பு.

ஹைட்ராஸுக்கு இரண்டு உருவம். தண்ணீர் உருவத்தில் அவன் கையால் அடிக்கிற அடிகூட ஃப்ராஸ்ட்தான், அதாவது பனி வகை மாய அடி. அவன் இடத்தைச் சுற்றியுள்ள எல்லைக்கோட்டைத் தாண்டி இழுத்துப் போனால் பச்சையாக மாறி, அதே அடி நேச்சர் (விஷ வகை) ஆகிவிடும். ஒவ்வொரு வகைக்கும் தனி ரெசிஸ்டன்ஸ் சட்டை வேண்டும், சண்டைக்கு நடுவே அதை மாற்ற கேம் விடாது. அதனால் ஆளுக்கொரு பக்கம் என்று இரண்டு டேங்க். 15 விநாடிக்கு ஒரு முத்திரை வேறு எங்கள் மேல் விழும். முதல் முத்திரையில் வாங்கும் அடி 10 சதவீதம் கூடும், பிறகு 25, 50, 100, 250, 500. கோட்டைத் தாண்டினால் முத்திரை அழியும், ஆனால் ஒவ்வொரு தாண்டலுக்கும் நாலு குட்டி எதிரிகள் முளைக்கும், த்ரெட்டும் (பாஸ் யாரை அடிப்பான் என்பதைத் தீர்மானிக்கிற கணக்கு) பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும். பத்து நிமிடத்துக்குள் முடிக்காவிட்டால் அவனுக்கு வெறி பிடித்து எல்லாரையும் முடித்துவிடுவான்.

இனி கணக்கு. அடிக்கிறவனின் லெவலை ஐந்தால் பெருக்கினால் வருவது ரெசிஸ்டன்ஸின் உச்ச வரம்பு. பாஸ் லெவல் 73, ஆகவே 365. அந்த அளவு இருந்தால் சராசரியாக 75 சதவீத அடி தடுக்கப்படும். அதற்குக் கீழே எல்லாம் நேர் விகிதம். 300 வைத்திருந்தால் 62 சதவீதம் தடுக்கும். "62-க்கும் 75-க்கும் பெரிய வித்தியாசமா?" என்றுதான் நானும் நினைத்தேன். பார்க்க வேண்டியது தடுத்ததை இல்லை, உடம்பில் இறங்குவதை. நூறு அடிக்கு 300 உள்ளவன் 38 வாங்குகிறான், 365 உள்ளவன் 25. ஹீலருக்கு அது ஒன்றரை மடங்கு வேலை. ஒன்றுமே இல்லாதவன் முதல் 65 புள்ளி சேர்த்தால் நூறு 87 ஆகும், அவ்வளவுதான். கடைசி 65 புள்ளியோ மிச்சமிருக்கிற அடியில் மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. நாம் சலித்துப்போய் விட்டுவிடுகிற அந்தக் கடைசிப் பகுதிக்குத்தான் விலை அதிகம்.

இதன் மேல் நாலாவது முத்திரையை வையுங்கள். 365 உள்ளவன் 50 வாங்குவான், 300 உள்ளவன் 77. 200 உள்ளவன் 118, அதாவது முத்திரை விழுவதற்கு முன்பு சட்டையே இல்லாமல் நிற்பவன் வாங்குவதைவிட அதிகம். இதுவும் சராசரிதான். தடுப்பு என்பது கால், அரை, முக்கால், முழுசு என்று படிப்படியாக விழும், சில அடிகளில் ஒன்றுமே தடுபடாது. உச்ச வரம்பில் அப்படி முழு அடி விழுவது மிக அபூர்வம். நடுவில் நிற்கிறவனுக்கு எது எப்போது விழும் என்றே சொல்ல முடியாது. டேங்க் சாவது சராசரியால் அல்ல, அடுத்தடுத்து விழுகிற இரண்டு முழு அடியால்.

அரைகுறை கியருக்கும் ஒரு நியாயம் உண்டு. ரெசிஸ்டன்ஸ் சட்டைக்கு இடம் கொடுத்தால் ஸ்டாமினா (உயிரைக் கூட்டுவது) போகும், டிஃபென்ஸ் போகும். 365 போடும்போது என் வாரியருக்கு 1,500 உயிர் குறைந்தது. டிஃபென்ஸ் 490-க்குக் கீழே போனால் பாஸ் கிரிட் (வழக்கத்தைவிடப் பலத்த அடி) அடிப்பான், அதைச் சட்டையில் பதிக்கிற கல்லும் என்சான்ட் மந்திரமும் வைத்து ஒட்டுப்போட வேண்டும். இன்னொரு தொல்லையை யாரும் முதலில் யோசிப்பதில்லை: அடி குறைந்தால் வாரியருக்கு ரேஜ் (திறன்களுக்கான சக்தி) குறையும். பாலடினுக்கோ, ஹீல் வாங்கினால்தான் மானா (அவருடைய சக்தி) வரும். அடியே படவில்லை என்றால் ஹீலும் இல்லை. ஆக, முழுசாகப் போட்டவன் சாகமாட்டான், ஆனால் த்ரெட் பிடிக்கத் திணறுவான். இதெல்லாம் உண்மைதான். ஆனால் 300-ல் நிற்கிறவனைக் காப்பாற்ற இரண்டாவது முத்திரையிலேயே கோட்டைத் தாண்ட வேண்டியிருந்தது. 60 விநாடிக்கு ஒரு தாண்டல் 30 விநாடிக்கு ஒன்றாகிவிட்டால் குட்டிகள் இரட்டிப்பு, டேமேஜை நிறுத்தி நிறுத்தி ஆரம்பிக்கிற நேரமும் இரட்டிப்பு. பத்து நிமிடம் போதவே போதாது. த்ரெட் குறைந்தால் டேமேஜ்காரர்கள் பத்து விநாடி காத்திருக்கலாம், அந்தத் தாமதத்தைத் தாங்கலாம். இதைத் தாங்க முடியாது.

அப்படியென்றால் 365-ஐ யார் போடுவது? என் பிடிவாதம் கழன்றது இந்தக் கேள்வியில்தான். கையில் அடித்துச் செய்கிற ஐஸ்கார்டு (ஃப்ராஸ்ட்), வைல்டுகார்டு (நேச்சர்) செட்டுகள் பிளேட், அதாவது இரும்புக் கவசம். மூன்று மூன்று பீஸ். வாரியருக்கும் பாலடினுக்கும் சுலபம், கரடி உருவம் எடுத்து டேங்க் செய்கிற ட்ரூயிடுக்கு உதவாது. அதை வைத்து நேச்சர் பக்கத்தை நான் வைத்துக்கொண்டேன். ஏழாவது சாவுக்குப் பிறகு குலசேகரத்துத் தம்பி வாய் திறந்தான். "அண்ணே, அந்தப் பக்கம் நான் நிக்கேன். எனக்குப் பத்து பொறப்புலயே இருக்கு." விடியற்காலையில் ரப்பர் பால் வெட்டப் போகிற பையன், வளவளவென்று பேசுகிற ஆள் இல்லை.

சொன்னது சரி, அவன்தான் எங்கள் கரடி. ட்ரூயிடு ஆக முடிந்த இனங்கள் நைட் எல்ஃபும் டாரனும்தான், இரண்டுக்குமே நேச்சர் 10 பிறவிச் சொத்து. கிரிட்டைத் தடுக்கக் கரடிக்கு 415 டிஃபென்ஸ் போதும், மீதியை டேலன்ட் பார்த்துக்கொள்ளும். ஹைட்ராஸ் அடியில் ஆர்மருக்கு வேலையே இல்லை என்பதால் தோலா பிளேட்டா என்பதும் பிரச்சினை இல்லை. செட் கிடையாதே என்ற ஒரு குறைதான். ஏலக்கடையில் நேச்சர் ரெசிஸ்டன்ஸ் உள்ள பச்சைத் தரப் பொருட்களாகப் பொறுக்கி இரண்டு வாரத்தில் சேர்த்துவிட்டான். ஃப்ராஸ்ட் பக்கம் ட்வார்ஃப் பாலடின்: பிறவியில் 10, ஆரா என்கிற மந்திரத்தின் 70-ஐயும் தானே போட்டுக்கொள்வார், யார் தயவும் வேண்டாம். எனக்குக் குட்டிகளை மேய்க்கிற வேலை. கொஞ்சம் கசந்தது, அப்புறம் பழகிவிட்டது.

எண்களில்: ஆரா அல்லது ஷாமன் ஊன்றுகிற டோட்டம் 70, ட்ரூயிடின் கிஃப்ட் மந்திரம் 25, பிறவி 10. மிச்சம் 260 சட்டையிலிருந்து வர வேண்டும். க்ரோமாட்டிக் வொண்டர் ஃப்ளாஸ்க் குடித்தால் இன்னும் 35 கூடி, சட்டைக்கு 225 போதும். உயிரைக் கூட்டுகிற ஃபோர்ட்டிஃபிகேஷன் ஃப்ளாஸ்கை அப்போது விட வேண்டும். முதல் சில வாரங்களுக்கு க்ரோமாட்டிக்தான் என் ஓட்டு. அந்த 35 புள்ளி இரண்டு இடத்தில் நல்ல ஸ்டாமினா சட்டையைத் திரும்பப் போடவிடும். செட் முழுசாகச் சேர்ந்ததும் அதை நிறுத்திவிடலாம்.

இந்தக் கணக்கை எல்லா பாஸுக்கும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். பழைய ஆன்கிராஜ் ரெய்டில் ஹுஹுரான் என்கிற பாஸ் 30 சதவீதத்துக்குக் கீழே போனதும் பக்கத்தில் நிற்கிற 15 பேர் மேல் விஷம் துப்புவாள். நேச்சர் சட்டை அந்தப் பதினைந்து பேருக்குத்தான் முக்கியம். அவள் டேங்கை அடிப்பது பெரும்பாலும் கையடி, அங்கே ஆர்மரும் உயிரும் வேண்டும், அரைகுறை ரெசிஸ்டன்ஸ்தான் சரி. இன்னொரு பாஸ் லியோதெராஸின் பேய் உருவத்துக்கு நெருப்புச் சட்டை போட்ட வார்லாக் டேங்க். பிளாக் டெம்பிளில் மதர் ஷாரஸுக்கோ மொத்த ரெய்டுக்கும் ஷேடோ சட்டை தைக்க வேண்டும். அந்தச் செலவை இப்போது நினைக்கவே வேண்டாம்.

ஒரு ஓட்டை மிச்சம் இருந்தது, அதை நவம்பர் மழை காட்டியது. கரடியின் 70 எங்கள் ஷாமனின் டோட்டத்திலிருந்து வந்தது. ஷாமன் தக்கலைக்காரர். முப்பந்தலில் அத்தனை காற்றாலை சுற்றுகிறது, ஆனாலும் நாலு மழைக்கு எங்களுக்குக் கரண்ட் கிடையாது. பாஸ் 18 சதவீதத்தில் இருக்கும்போது அவர் வீட்டில் கரண்ட் போனது, ஆள் டிஸ்கனெக்ட். டோட்டம் தீர்ந்தது, 365 இருந்தது 295 ஆனது. மூன்றாவது முத்திரையில் கரடி விழுந்தது. "மழை, நாளைக்குப் பால்வெட்டு கிடையாது, இன்னொரு தடவை இழுப்போம்ணே" என்றான் தம்பி.

இழுத்தோம். இந்த முறை கரடியின் பார்ட்டியில் (ரெய்டுக்குள் இருக்கிற சிறு அணி) ஷாமனோடு ஒரு ஹன்ட்டரையும் போட்டோம். அவரது ஆஸ்பெக்ட் ஆஃப் தி வைல்டும் அதே 70 நேச்சர்தான். டோட்டத்தின் 70-உடன் சேர்ந்து கூட்டப்படாது, ஆனால் டோட்டம் போனால் அது நிற்கும். ஹன்ட்டர் இருப்பது போலந்தில். அங்கே மழை இல்லை.