தண்ணீருக்கு டைட்டானியா, வாயுவுக்கு சிங்க் ஆக்சைடு: நான் பிரித்துக்கொண்ட விதம்

சாயக் கழிவுநீரை ஒளிவினையூக்கி (ஒளி பட்டால் வினையைத் தூண்டும் பொருள்) கொண்டு சுத்தம் செய்யும் ஆராய்ச்சிக்கு வருகிற யாரும் முதல் வாரத்திலேயே ஒரு கேள்வியில் வந்து நிற்பார்கள்: சிங்க் ஆக்சைடா, டைட்டானியா எனப்படும் டைட்டானியம் டை ஆக்சைடா? எம்.எஸ்சி. புராஜெக்டுக்கு வரும் மாணவர்களுக்குப் பெரும்பாலும் கிடைக்கும் அறிவுரை, "சிங்க் எடு, சீக்கிரம் முடியும்" என்பது. சீக்கிரம் முடியும் என்பது உண்மைதான். ஆனாலும் நான் இரண்டையும் செய்து பார்த்தபின் தண்ணீர் வேலைக்கு டைட்டானியாவையே வைத்துக்கொண்டேன். வாயு உணர்வி (காற்றில் வாயு இருப்பதைக் கண்டறியும் சென்சார்) என்று வந்தால் என் பதில் மாறும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பொதுவான விஷயங்களைச் சட்டென்று முடித்துவிடலாம். இரண்டும் வெள்ளைப் பொடி. ஆற்றல் இடைவெளி (எலக்ட்ரானை விடுவிக்க ஒளி தர வேண்டிய குறைந்தபட்ச ஆற்றல்) அனடேஸ் என்ற படிக வகை டைட்டானியாவுக்கு 3.2 எலக்ட்ரான் வோல்ட், சிங்க் ஆக்சைடுக்கு 3.3 அளவில். ஆகவே இரண்டுக்குமே புற ஊதா ஒளி வேண்டும், வெயிலில் அது சுமார் ஐந்து சதவீதம்தான். ஒளி பட்டதும் எலக்ட்ரானும் துளையும் (எலக்ட்ரான் போன காலியிடம்) பிரிவது, கடுமையாக வினைபுரியும் ஹைட்ராக்சில் ரேடிக்கல் உருவாவது, அது சாய மூலக்கூறை உடைப்பது எல்லாம் இரண்டிலும் ஒரே வழிதான்.

தயாரிப்பில் சிங்க் ஆக்சைடு மிக எளிது. சிங்க் அசிடேட்டை நீரில் கரைத்து, சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட்டுச் சூட்டோடு கலக்கினால் 100 டிகிரிக்குள்ளேயே படிகம் கிடைத்துவிடும். கழுவி, உலர்த்தி, படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்ஆர்டி எடுக்கப் போகலாம். டைட்டானியா அப்படி இல்லை. அதன் மூலப்பொருளான டைட்டானியம் ஐசோப்ரொப்பாக்சைடு விலையும் அதிகம், ஈரத்தையும் தாங்காது. மழைக்காலத்தில் பாட்டிலைத் திறந்து பிப்பெட்டில் எடுப்பதற்குள் அதன் முனையில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டி அடைத்துக்கொள்ளும். பாட்டில் வாயைச் சுற்றியும் படியும். அப்புறம் 400 முதல் 500 டிகிரி வரை ஃபர்னஸில் சுட வேண்டும். 600-ஐத் தாண்டவிட்டால் அனடேஸ், ரூட்டைல் என்ற இன்னொரு படிக வகையாக மாற ஆரம்பிக்கும். பி25 என்ற வணிகப் பொடியை வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை. அதில் ஏறத்தாழ நான்கு பங்கு அனடேஸ், ஒரு பங்கு ரூட்டைல்.

வேகத்திலும் சிங்க் பல நேரம் முந்தும். சிங்க் ஆக்சைடுக்குள் எலக்ட்ரான் நகரும் வேகம் டைட்டானியாவைவிடப் பல மடங்கு. சோதனைக்கு வழக்கமாக எடுக்கும் நீலச் சாயமான மெத்திலீன் ப்ளூ கரைசலில் போட்டு வெயிலில் வைத்தால், பீக்கரில் நீலம் வெளிறுவது கண்ணுக்கே தெரியும். பெரும்பாலான ஒப்பீடுகள் இங்கேயே நின்றுவிடுகின்றன: 664 நானோமீட்டரில் உறிஞ்சல் எவ்வளவு குறைந்தது, எத்தனை நிமிடத்தில் குறைந்தது. நிறம் போனதாலேயே சாயம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. மெத்திலீன் ப்ளூ எலக்ட்ரானைப் பெற்று நிறமற்ற வடிவத்துக்கு மாறி அப்படியே நீரிலேயே இருக்கலாம், காற்றுப் பட்டால் மறுபடி நீலமாகவும் ஆகலாம். போதாததற்கு அந்தச் சாயமே கட்புலன் ஒளியை உறிஞ்சிக் கொஞ்சம் சிதையக்கூடியது. சிஓடி (கரிமப் பொருளை ஆக்சிஜனேற்றம் செய்யத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) அல்லது மொத்தக் கரிமக் கார்பன் அளவையும் சேர்த்துப் பார்த்தால்தான் கதை முழுமை பெறும்.

சரி, என்னை டைட்டானியா பக்கம் இழுத்தது என்ன? வேலை முடிந்தபின் பொடி முழுசாகத் திரும்பி வருகிறதா, அது இருந்த நீரில் என்ன மிச்சம் இருக்கிறது என்ற ஒரே கேள்விதான்.

சிங்க் ஆக்சைடு அமிலத்திலும் கரையும், கடுமையான காரத்திலும் கரையும். இது பள்ளி வேதியியல். ஆனால் எவ்வளவு கரையும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பவர்கள் குறைவு. பிஎச் 3 உள்ள ஒரு லிட்டர் நீரில் ஒரு மில்லிமோல் அமிலம் இருக்கிறது. இரண்டு ஹைட்ரஜன் அயனிக்கு ஒரு சிங்க் ஆக்சைடு வீதம் அரை மில்லிமோல், அதாவது சுமார் 41 மில்லிகிராம் பொடி கரைந்துவிடும். அதில் துத்தநாகம் (சிங்க்) மட்டும் ஏறக்குறைய 33 மில்லிகிராம். குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 10500 ஏற்கும் அளவு லிட்டருக்கு 5 மில்லிகிராம், வேறு நீர் இல்லாத இடத்தில் 15. கழிவுநீரை ஆற்றில் விடுவதற்கான பொது விதியிலும் துத்தநாகத்துக்கு 5 மில்லிகிராம்தான் உச்சவரம்பு. சாயத்தை அகற்றப் போன இடத்தில் வரம்பைப்போல் ஆறு மடங்குக்கு மேல் உலோகத்தைக் கலந்துவிட்டு வருகிறோம். பிஎச் 2 என்றால் அமிலம் பத்து மடங்கு. லிட்டருக்கு ஒரு கிராம் பொடி போட்டிருந்தால் அதில் 0.4 கிராம் போயே போய்விடும்.

இதற்கு இயந்திரம்கூட வேண்டாம், கண்ணாலேயே பார்த்துவிடலாம். அமிலக் கரைசலில் ஓட்டிய சோதனை முடிந்ததும் சென்ட்ரிபியூஜில் சுழற்றி, மேலே தெளிந்த நீரை மட்டும் வடிகட்டி ஒரு சோதனைக் குழாயில் எடுங்கள். கண்ணாடி மாதிரி இருக்கும். நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடை ஒவ்வொரு சொட்டாக விட்டால் முதலில் வெண்மையாகக் கலங்கும். விட்டுக்கொண்டே போனால் அந்தக் கலங்கல் மறைந்து மறுபடி தெளியும். துத்தநாக ஹைட்ராக்சைடு உருவாகி, காரம் மிகுந்ததும் அதுவும் கரைகிறது. டைட்டானியா ஓட்டத்தில் எடுத்த நீரில் இதே சோதனையைச் செய்தால் ஒன்றும் நடக்காது.

அமிலம் இல்லாவிட்டால் தப்பித்துவிடலாமா என்றால், முழுக்க இல்லை. ஒளி பட்டு உண்டாகும் துளைகள் சாயத்தைத் தாக்குவதோடு நிற்காமல் சிங்க் ஆக்சைடையே தாக்கி, துத்தநாக அயனியாக நீருக்குள் அனுப்பும். ஒளி அரிப்பு என்று இதைச் சொல்கிறோம். இது புதிதாகக் கண்ட குறையும் அல்ல. 1972-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் ஒளியால் நீரைப் பிரித்துக் காட்டிய மின்முனை டைட்டானியாதான். மற்றப் பல குறைக்கடத்திகள் நீருக்குள் ஒளி பட்டதும் கரைந்துபோக, அது கரையாமல் நின்றது. அரை நூற்றாண்டு கடந்தும் இந்த வேறுபாடு அப்படியேதான் இருக்கிறது.

திரும்ப எடுப்பதிலும் டைட்டானியாவுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. நானோ பொடி என்றாலே நீரில் பால்போல் மிதந்து, வடிதாளையும் அடைக்கும். ஆனால் டைட்டானியாவின் மேற்பரப்பு மின்சுமை பிஎச் 6 முதல் 6.5 அளவில் பூச்சியமாகிவிடும். கரைசலை அந்த இடத்துக்குக் கொண்டுவந்து வைத்தால் துகள்கள் ஒன்றையொன்று விலக்காமல் திரண்டு தாமாகவே அடியில் இறங்கும். மேல்நீரைச் சாய்த்து ஊற்றிவிட்டு, பொடியைக் கழுவி, 400 டிகிரி அளவில் சுட்டால் ஒட்டியிருக்கும் கரிமப் பிசுக்கும் எரிந்துவிடும். சிங்க் ஆக்சைடுக்கு இந்த இடம் பிஎச் 9 பக்கத்தில். அங்கே கரைதலும் குறைவுதான் என்பதால் காரநீரில் அதையும் படியவைக்கலாம், அதை மறுக்கவில்லை.

காரநீர் என்றதும் சாயப்பட்டறை ஊரான திருப்பூரைச் சொல்லாமல் விடக்கூடாது. பருத்தியில் ரியாக்டிவ் சாயம் பிடிக்க சோடா உப்புப் போடுகிறார்கள், பிஎச் 10-ஐ ஒட்டிப் போகும். அந்தச் சாயங்கள் எதிர்மின்சுமை கொண்டவை. அந்த பிஎச்சில் டைட்டானியாவின் மேற்பரப்பும் எதிர்மின்சுமைதான். சாயம் அருகில் வரவே தயங்கும். சிங்க் ஆக்சைடு அங்கே கிட்டத்தட்ட நடுநிலையில் நின்று, கரையாமலும் இருந்துகொள்ளும். ஆக, சாயத்தொட்டி நீரை அப்படியே எடுத்தால் சிங்க் பக்கம் நியாயம் கூடுதல். ஆனால் சுத்திகரிப்பில் எங்காவது ஒரு கட்டத்தில் அமிலம் சேர்த்து நடுநிலைப்படுத்துவார்கள், அந்த இடத்தில் பொடி மிச்சம் இருந்தால் கரையும். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபின், சொட்டு நீரும் வெளியேறக்கூடாது என்ற முறைக்கு அந்த ஊர் மாறியது. எதிர்ச் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) சவ்வுகளும் ஆவியாக்கிகளும் ஓடும் அந்த நிலையங்களுக்குள் கரைந்த உலோகத்தைக் கூடுதலாக அனுப்ப எந்தப் பொறியாளரும் விரும்ப மாட்டார். சாயக் கழிவால் நொய்யல் ஆறு பட்ட பாட்டை அறிந்தவர்கள் நாமும் விரும்பக்கூடாது.

இதையும் சொல்லிவிட வேண்டும்: நான் செய்ததெல்லாம் கண்ணாடிப் பாத்திரத்தில், ஆய்வகக் கரைசலில். உண்மையான சாயநீரில் உப்பும் கார்பனேட்டும் ஏராளம், இரண்டும் ரேடிக்கலை விழுங்கும். அங்கே இரண்டு ஆக்சைடுகளின் வேகமும் அடிவாங்கும். டைட்டானியாவைக் கண்ணாடி மணிகளில் பூசிச் சுட்டு, பிரிக்கும் வேலையே இல்லாமல் செய்யும் முறையில் கொஞ்சம்தான் கைவைத்திருக்கிறேன். பூச்சு எத்தனை காலம் உரியாமல் நிற்கும் என்று என் அனுபவத்திலிருந்து சொல்ல முடியாது.

வாயு உணர்விக்கு வந்தால் தராசு திரும்பிவிடுகிறது. சூடான ஆக்சைடின் மேல் காற்றின் ஆக்சிஜன் ஒட்டி எலக்ட்ரானைப் பிடித்துக்கொள்ளும், எத்தனால் ஆவியோ எல்பிஜியோ வந்தால் அந்த ஆக்சிஜனோடு வினைபுரிந்து எலக்ட்ரானைத் திருப்பித் தரும், மின்தடை இறங்கும். இதற்கு எலக்ட்ரான் எளிதாக ஓடும் பொருள் வேண்டும். டைட்டானியாவின் தடை மிக அதிகம் என்பதால் சாதாரண சுற்றில் அளப்பதே சிரமம். அது பேர் வாங்கியது கார் புகைக்குழாய் போன்ற கடும் வெப்பத்தில் ஆக்சிஜனை அளக்கும் உணர்விகளில். சிங்க் ஆக்சைடோ இந்தத் துறையின் முதல் பொருட்களில் ஒன்று. 1962-லேயே ஜப்பானில் செயாமா குழுவினர் அதன் மெல்லிய படலத்தை வைத்து வாயுவைக் கண்டறிந்தார்கள். நீருக்குள் அதைக் கவிழ்த்த கரைதல் இங்கே எழவே எழாது.

ஆனால் கடையில் வாங்கும் எம்க்யூ-2 போன்ற உணர்விகளுக்குள் இருப்பது டின் ஆக்சைடு. ஜப்பானியரான டகுச்சி அதே 1960-களில் தொடங்கிவைத்த வழி அது. பயன்படுத்தும் கருவி வேண்டும் என்றால் அதையே வாங்கிவிடலாம். ஆராய்ச்சிக்கு வடிவத்தை மாற்றிப் பார்க்க வேண்டும், நானோ கம்பி, தகடு, பூ என்று விதவிதமாக வளர்க்க வேண்டும் என்றால் சிங்க் ஆக்சைடு அளவுக்கு இசைந்து கொடுக்கும் பொருள் நான் பார்த்தவரை இல்லை. 200 முதல் 400 டிகிரி வரை சூடாக்க வேண்டியிருப்பதும், ஈரப்பதம் அளவீட்டைக் கெடுப்பதும், ஒரு வாயுவை மற்றொன்றிலிருந்து பிரித்தறியத் திணறுவதும் இரண்டுக்கும் பொது. சென்னை மாதிரி கடலோர ஊரில் சோதிப்பவர்கள் அன்றைய ஈரப்பதத்தையும் ஒவ்வொரு அளவீட்டோடு குறித்துவைப்பது கட்டாயம்.

இத்தனைக்குப் பிறகும் தண்ணீருக்கு சிங்க் ஆக்சைடுதான் என்று முடிவெடுப்பவர்கள் கரைசலை பிஎச் 8-க்கும் 10-க்கும் இடையில் வைத்துக்கொள்ளுங்கள். மறுபயன்பாட்டு வரைபடம் போடும்போது ஒவ்வொரு சுற்றிலும் நிறம் எத்தனை சதவீதம் போனது என்பதற்குப் பக்கத்திலேயே இன்னும் இரண்டு அளவுகளைச் சேருங்கள்: உலர்த்தி எடைபோட்ட பொடியின் நிறை, அணு உறிஞ்சல் கருவியில் அளந்த துத்தநாகம். கருவி உங்கள் துறையில் இல்லாவிட்டால் பக்கத்து வேதியியல் துறையில் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் இருக்கும்.