ஆட்டிசம் குழந்தைக்கு ‘சர்வீஸ் டாக்’ தேடறவங்க பணம் கட்டறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

ஒரு லட்சத்து எண்பத்தஞ்சாயிரம் ரூபாய். பாதியில படிக்கறதை நிறுத்திடறவங்களுக்கும் தெரியட்டும்னு தொகையை முதல்லயே சொல்லிடறேன். ஆட்டிசம் இருக்கற என் பையனுக்கு முழுசா பழக்கின சர்வீஸ் டாக், அதாவது அவனுக்கு உதவறதுக்குன்னே பழக்கின நாய், தர்றோம்னு சொல்லி, சென்னைக்கு வெளியே இருக்கற ஒரு நாய்ப் பயிற்சி மையம் எங்ககிட்ட வாங்கினது அது. பேரைப் பொதுவுல போட வேண்டாம்னு வக்கீல் சொல்லியிருக்காரு. கை பரபரக்குது, ஆனா போடலை. என்னென்ன பார்த்து வாங்கணும்னு கடைசியில விவரமா எழுதறேன்.

பையனுக்கு எட்டு வயசு. பேச்சு ரெண்டு மூணு வார்த்தைதான். அதை விடப் பெரிய பயம் அவன் ஓடறது. கையை உதறிட்டு ஒரே ஓட்டம், பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் நிக்க மாட்டான். லாரியா குளமான்னு எதுவும் அவனுக்குக் கணக்கில்ல. எங்க வாசக் கதவுல அவனுக்கு எட்டாத உயரத்துல தனியா ஒரு தாழ்ப்பாள் இருக்கு. இந்த மாதிரி பிள்ளை இருக்கற வீட்டுக்கு இதுக்கு மேல விளக்கம் வேண்டாம்.

இதுக்கு நடுவுலதான் அந்த வெளிநாட்டு வீடியோக்கள் கண்ணுல பட்டுச்சு. குழந்தை இடுப்புல ஒரு பெல்ட், அது நாயோட உடம்புல கட்டற ஹார்னஸ் பட்டையில மாட்டியிருக்கு, நாயோட கயிறு அம்மா கையில. குழந்தை ஓடப் பார்த்தா நாய் காலை ஊன்றி நின்னுடும். குழந்தை கத்தி அழும்போது மடி மேல படுத்துப் பாரம் கொடுக்கும். இது கட்டுக்கதை இல்ல, கனடாவுல 1990கள்லேயே ஆரம்பிச்சது. இவ்வளவு உண்மை இருக்கறதாலதான் இவனுங்க பொழப்பு ஓடுது.

அந்த மையத்தோட ஒரு ரீல்ஸ் பார்த்துட்டு மெசேஜ் பண்ணினேன். அன்னிக்கே அங்கேருந்து ஒருத்தர் கூப்பிட்டாரு. அடுத்த ஞாயித்துக்கிழமை வீட்டுக்கே ஒரு கோல்டன் ரெட்ரீவரோட வந்துட்டாரு.

வந்தவரு சோஃபால உக்காரலை. தரையில சம்மணம் போட்டு உக்காந்தாரு. பையன்கிட்ட “ஹாய்” சொல்லலை, தொடலை, “பேரு என்ன கண்ணா”ன்னு குடையலை. சொந்தக்காரங்க கூடச் செய்யத் தெரியாத விஷயம் அது. அந்த நாய் மெதுவா நடந்து போய் அவன் கால் பக்கத்துல படுத்துச்சு. ரொம்ப நேரம் ஒண்ணும் நடக்கலை. அப்புறம் முகவாயைத் தூக்கி அவன் தொடை மேல வச்சுச்சு. தலைக்கு எண்ணெய் தேய்க்கவே விடாத பிள்ளை, அஞ்சு விரலையும் அந்த முடிக்குள்ள விட்டு அப்படியே வச்சிருந்தான். உள்ளே குக்கர் விசில் அடிச்சுது. காதைப் பொத்தலை. என் வீட்டுக்காரர் எழுந்து பால்கனிக்குப் போயிட்டாரு.

“பார்த்தீங்களா அக்கா, தம்பியே முடிவு பண்ணிட்டான்”னு சொன்னாரு.

படிச்சவங்க எப்படி ஏமாந்தீங்கன்னு கமெண்ட் போட வர்றவங்களுக்கு: எல்லாத்தையும் கேட்டோம். எத்தனை மாசப் பயிற்சி, எந்த நாய், பிடிக்கலைன்னா திருப்பித் தரலாமா, எல்லாம். எல்லாத்துக்கும் சிரிச்ச முகத்தோட பதில் இருந்துச்சு. “ஆறு மாசத்துல ரெடி அக்கா, சர்வதேசச் சான்றிதழோட வரும், மால், ட்ரெயின், ஸ்கூல் எங்கேயும் தடுக்க முடியாது.” அட்வான்ஸ் ஐம்பதாயிரம், பயிற்சி பாதி முடிஞ்சதும் மீதி ஒரு லட்சத்து முப்பத்தஞ்சாயிரம். மீதிக்கு என் வளையலை அடகு வச்சேன். வட்டி இன்னும் ஓடுது.

வந்தது வேற நாய். அந்த கோல்டன் “டெமோவுக்கு மட்டும்”தானாம். இது ஒரு லாப்ரடார், ஒரு வயசு இருக்கலாம். பாவம், அதும் குழந்தைதான். குக்கர் விசிலுக்கு நம்ம பையனை விட அது அதிகமா மிரளுது. தட்டுல முறுக்கு வச்சா பாயுது. “உக்காரு”ன்னா உக்காரும், அதுக்கு மேல ஒண்ணும் தெரியாது. பெல்ட்டை மாட்டி எங்க தெருவுலதான் நடக்க வச்சோம். எதிர்ல ஒரு தெரு நாய். அவ்வளவுதான், கயிறு என் கையை அறுத்துக்கிட்டு போச்சு. இடுப்பு பெல்ட்டோட பையன் தார் ரோட்டுல தரதரன்னு இழுபட்டான். முட்டி, முழங்கை, தாடை எல்லாம் தோல் போச்சு. எவனை ஓடாம நிறுத்தறதுக்காக வாங்கினோமோ அவனை அது இழுத்துக்கிட்டு ஓடுது. இப்போ குரைப்பு கேட்டாலே பாத்ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கறான். அடுத்த வீட்டு நாய் குரைச்சாலும்தான்.

போன் பண்ணினா: “பாண்டிங் ஆக டைம் எடுக்கும் மேடம்.” திரும்பப் பண்ணினா: “சார் வெளியூர்ல இருக்காரு.” அப்புறம் ஒரு பொண்ணு எடுத்து, “கம்ப்ளெயிண்ட்டை மெயில்ல போடுங்க.” போட்டோம், பதில் இல்ல. வாட்ஸ்அப்ல நீல டிக் மட்டும் விழும். அடிபட்ட முட்டியைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். அதுக்கு வந்த பதிலை அப்படியே எழுதறேன்: “உங்க பையன் கேஸ் கொஞ்சம் சிவியர் மேடம், நீங்களும் டென்ஷன்ல இருக்கீங்க, நாய்க்கு அது தெரியும்.” வயிறு எரியுது. காசு வாங்கும்போது சிவியர் தெரியலையா?

பணத்தைக் கேட்டா, நாயைக் கொண்டு வந்து விட்டா பயிற்சி, தீனி, தங்கின செலவெல்லாம் கழிச்சு “பார்த்துச் சொல்றோம்”னாங்க. ஒரு லட்சத்து எண்பத்தஞ்சாயிரத்துல எவ்வளவு கழிப்பீங்கன்னு கேட்டேன். பிளாக் பண்ணிட்டாங்க. அவங்க பக்கத்துல நான் போட்ட கமெண்ட்டும் காணோம். ஆனா அழிக்கறதுக்குள்ள அதைப் பார்த்துட்டு இன்னொரு அம்மா இன்பாக்ஸ்ல வந்தாங்க. அவங்க வீட்டுக்கும் அதே கோல்டன், அதே தரையில சம்மணம், அதே “பாப்பாவே முடிவு பண்ணிட்டா”.

இனி அந்தச் சான்றிதழ். கயிற்றுல மாட்டின லேமினேட் அட்டை, நாயோட போட்டோ, ஒரு நம்பர், கீழே ஒரு வெளிநாட்டு இணையதளம். போய்ப் பார்த்தா யார் வேணா நாய் பேரை டைப் பண்ணி டாலர் கட்டி வாங்கிக்கலாம். எங்க வீட்டு மிக்ஸி பேர்ல கூட வாங்கலாம் போல. அமெரிக்காவுலயே சட்டப்படி சர்வீஸ் டாகுக்குப் பதிவோ அட்டையோ தேவையில்ல. இந்த மாதிரி ஆன்லைன் சான்றிதழுக்கு மதிப்பில்லன்னு அந்நாட்டு நீதித் துறையே எழுதி வச்சிருக்கு. நம்ம 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல ஆட்டிசம் இருக்கு. ஆனா அந்த அட்டையைக் காட்டி மால்ல நாயைக் கூட்டிட்டுப் போற உரிமை அதுல எங்கேயும் இல்ல. கூட ஒரு கென்னல் கிளப் பேப்பரையும் பயிற்சிச் சான்று மாதிரி நீட்டினாங்க. அது நாயோட வம்சத்தைச் சொல்ற பேப்பர், பயிற்சிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. தடுப்பூசி புக்ல ஸ்டிக்கர் மட்டும் ஒட்டியிருக்கு, டாக்டர் கையெழுத்தும் இல்ல, பதிவு எண்ணும் இல்ல. மாநகராட்சி லைசென்ஸுக்கு ரேபிஸ் ஊசிச் சான்று கேப்பாங்களேன்னு எங்க செலவுல திரும்பப் போட்டோம்.

சைபர் கிரைம் உதவி எண் 1930க்கு அடிச்சோம். பொருளைக் கொடுத்துட்டாங்களே, இது சேவைக் குறைபாடு, நுகர்வோர் பக்கம் போங்கன்னாங்க. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல புகார் பதிவாகியிருக்கு. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். அஞ்சு லட்சம் வரைக்கும் கட்டணம் இல்ல, ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். வக்கீல் நோட்டீஸ் இந்த வாரம் போகுது.

விவரமா எழுதறேன்னு சொன்னேன், பையன் எழுந்துட்டான். அதனால சுருக்கமா: டெமோ நாயைப் பார்த்து மயங்காதீங்க, உங்களுக்கு வரப்போற அதே நாயை உங்க தெருவுல, உங்க குழந்தையோட, நெரிசல்ல நடத்திக் காட்டச் சொல்லுங்க. உண்மையான சர்வீஸ் டாகுக்கு ஒன்றரை, ரெண்டு வருஷம் ஆகும், பழக்கறதுல பல நாய் தேறாது. ஆறு மாசம்னு சொன்னா எழுந்து வந்துடுங்க. நாயை விட்டுட்டுப் போறவனை நம்பாதீங்க, கூட இருந்து உங்களைப் பழக்கணும். ஓடற குழந்தையோட இடுப்புல எதையும் மாட்டறதுக்கு முன்னாடி உங்க தெரபிஸ்ட்கிட்ட கேளுங்க. பணத்தைத் திருப்பித் தர்ற நிபந்தனையை ஸ்டாம்ப் பேப்பர்ல வாங்குங்க, வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ்ல இல்ல.

நாய் இன்னும் எங்க வீட்டுலதான் இருக்கு, பால்கனியில. அதைத் தெருவுல விட மனசு வரலை. பொறுமையா வளர்க்கறவங்க, சின்னக் குழந்தை இல்லாத வீடு, மடிப்பாக்கம் சுத்துவட்டாரத்துல யாராவது இருந்தா சொல்லுங்க. வழக்குக்கு அது சாட்சிப் பொருள்ங்கறதால வக்கீல் சரின்னு சொன்ன பிறகுதான் தர முடியும். இதே ஆளுகிட்ட பணம் கட்டினவங்க இன்பாக்ஸ்ல வாங்க, ஸ்க்ரீன்ஷாட், பணம் அனுப்பின ரசீது எல்லாம் எடுத்து வச்சுக்கோங்க. சேர்ந்து போட்டா கேஸ் நிக்கும்.