தோட்டத்து மரக்கேபின் கதவுக்குக் குளிர்காற்று அடைக்க ஆள் கூப்பிடுகிறவர்கள் கவனம்: 640 பவுண்டு போச்சு

640 பவுண்டு. கதவு இடுக்கில் காற்று வராமல் அடைப்பதற்காக 640 பவுண்டு வாங்கிக்கொண்டு, நன்றாக இருந்த கதவையும் கெடுத்துவிட்டுப் போயிருக்கிறான் ஒருவன். "இந்தப் புகாரை மூடிவிட்டோம், இனி எங்களால் ஒன்றும் செய்ய இயலாது" என்று அவனைப் பிடித்துத் தந்த ஆப்காரர்களிடமிருந்து இன்று காலையில்தான் பதில் வந்தது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். என்ன செய்யலாம், எதைச் செய்யவே கூடாது என்பதையும் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

இங்கிலாந்தில் வீட்டுக்குப் பின்னால் மரக்கேபின் வைத்திருக்கிறவர்களுக்குத்தான் இது. கோவிட் சமயத்தில் வீட்டிலிருந்து வேலை என்று ஆளாளுக்கு வாங்கிப் போட்டோமே, அதுதான். எங்களுடையது 44 மில்லிமீட்டர் கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கோத்து அடுக்கிய லாக் கேபின். இப்போது அதில் என் மனைவி வீணை வகுப்பு எடுக்கிறாள். அக்டோபர் பிறந்தால் போதும், இரட்டைக் கதவின் அடியிலும், இரண்டு கதவும் சேரும் நடு இடுக்கிலும் காற்று ஊசியாய் இறங்கும். ஹீட்டர் பாட்டுக்கு ஓடும், மின்கட்டணம் ஏறும், கால் மட்டும் விறைத்துக் கிடக்கும். பிள்ளைகள் கோட்டுப் போட்டுக்கொண்டு உட்காரலாம். கையுறை போட்டுக்கொண்டு வீணை வாசிக்க முடியுமா?

வீட்டு வேலைகளுக்கு ஆள் பிடித்துத் தரும் ஆப் ஒன்றில் போட்டேன். வந்தவனுக்கு வரிசையாக ஐந்து நட்சத்திரம், "சரிபார்க்கப்பட்டவர்" என்று பச்சை முத்திரை வேறு.

அவன் நடந்துகொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். யாரும் சொல்லாமலே வாசலில் ஷூவைக் கழற்றினான். அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். அந்த ஒன்றிலேயே அவருக்கு மனம் குளிர்ந்துவிட்டது. பிறகு, "வீட்டில் ஊதுபத்தி இருக்குமே, ஒன்று தருகிறீர்களா?" என்றான். அம்மா சாமி அலமாரியிலிருந்து எடுத்து வந்து கொடுத்தார். கொளுத்தி, கதவு இடுக்கு நெடுகிலும் மெதுவாக நகர்த்தினான். கீலோரத்தில் புகை நேராக எழும்பியது. நடு இடுக்கில் நடுங்கியது. அடியில் கொண்டுபோனதும் அப்படியே படுத்து அறைக்குள் ஓடியது. அடுத்து நிலைக்கு மேலே அடித்திருந்த மூடுபலகையை நெம்பி எடுத்தான். உள்ளே ஒரு விரல் நுழையும் இடைவெளி. "பார்த்தீர்களா? கேபின் விற்றவன் உங்கள் தலையில் மிளகாய் அரைத்திருக்கிறான். இதை அடைக்காமல் வேறு என்ன செய்தாலும் வீண்" என்றான் (இங்கிலீஷில்தான், ஆனால் பொருள் அதேதான்). கண்ணெதிரே புகை ஓடுகிறது, கண்ணெதிரே ஓட்டை இருக்கிறது. யார்தான் நம்ப மாட்டார்கள்?

வேலை முடிந்ததும் கார்டு மெஷினுக்கு சிக்னல் இல்லை என்றான். வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொன்னான். 640 பவுண்டு அங்கேயே, அவன் பார்க்கப் பார்க்க அனுப்பினேன். பத்து வருட உத்தரவாதம் என்று ஒரு தாளையும் கொடுத்துவிட்டுப் போனான்.

மறுநாள் காலை கதவு திறக்கவில்லை.

நிலையைச் சுற்றிலும், மேலே இருந்த அந்த இடைவெளியிலும், ஊதிப் பெருகும் ஃபோமை அடைத்து வைத்திருக்கிறான். அது இராத்திரி முழுக்கப் பெருகி, நிலைக்கால் இரண்டையும் நடுவில் உள்ளே தள்ளிவிட்டது. ஸ்கேலை வைத்துப் பார்த்தால் வயிறு தள்ளியிருப்பது தெரிகிறது. போன் செய்தேன். வந்தான். இழைப்புளியை எடுத்துக் கதவின் ஓரத்தைச் சீவினான். சீவிய இடத்துக்கு வார்னிஷ் கூடத் தடவவில்லை. அடுத்த மழைக்கு அந்த வெறும் மரம் தண்ணீர் குடித்து உப்பி மறுபடியும் பிடித்துக்கொண்டது. கீல் பக்கத்திலும் தடிமனான ஸ்பாஞ்ச் டேப் ஒட்டியிருந்தான். கதவைச் சாத்தினால் அது திருப்பித் தள்ளும். எங்கள் கதவு வெளிப்பக்கம் திறப்பது. அடியில் பிரஷ் பட்டையைக் கதவின் உள்முகத்தில் அடித்துவிட்டான். சாத்தும்போதெல்லாம் வாசற்படியின் விளிம்பில் போய் முட்டுகிறது. காற்று? முன்பு அடியில் வந்தது, இப்போது கதவு முழுதாகச் சாத்தாததால் எல்லாப் பக்கமும் வருகிறது. டேப்பும் ஃபோமும் பிரஷும் சேர்த்துக் கடையில் வாங்கினால் அறுபது எழுபது பவுண்டுக்கு மேல் ஆகாது. வாங்கியது 640.

வயிற்றெரிச்சல் இத்தோடு நிற்கவில்லை. கேபின் செய்தவர்களைக் கூப்பிட்டுக் கேட்டால், அந்த இடைவெளி வேண்டுமென்றே விட்டதாம். மரம் ஈரத்தில் பருக்கும், காய்ந்தால் சுருங்கும். ஆனால் அது அகலவாக்கில்தான்; நீளவாக்கில் அசைவே இல்லை என்று சொல்லலாம். அடுக்கிய கட்டைச் சுவர் அதனால் மழைக்காலத்தில் உயரும், கோடையில் இறங்கும். நிலைக்காலோ நட்டுக்குத்தாக நிற்கிறது, அது அப்படியே இருக்கும். சுவர் இறங்குவதற்குத்தான் நிலைக்கு மேலே இடம். அதை அடைத்தாலோ, நிலையைக் கட்டைகளோடு சேர்த்துத் திருகாணி போட்டாலோ, கோடையில் மேற்கட்டைகள் இறங்க முடியாமல் நிலையின்மேல் நின்றுவிட்டு, கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே பிளவு விடும். என் கேபினில் இரண்டையும் செய்திருக்கிறான். "ஃபோம் போட்டுவிட்டீர்களா? அப்படியானால் எங்கள் வாரண்டி செல்லாது" என்று சொல்லிவிட்டார்கள். கோடையில் என்ன ஆகப்போகிறதோ.

அப்புறம் தொடங்கியது அலைக்கழிப்பு. அவன் முதலில், "மரம் இயற்கைப் பொருள் மேட், பழகிக்கொள்ளும்" என்றான். அடுத்து மழையைக் குறை சொன்னான். அடுத்து போனை எடுப்பதே இல்லை. உத்தரவாதத் தாளில் முகவரி இல்லை, ஒரு மொபைல் எண் மட்டும்தான். ஆப்பில் புகார் கொடுத்தால் ஐந்து வேலை நாள் பொறுங்கள் என்கிறார்கள்; பொறுத்தால், வேறு பெயரில் வேறு ஒருவர் வந்து முதலிலிருந்து சொல்லச் சொல்கிறார். கடைசியில், "நாங்கள் அறிமுகம் செய்துவைப்பதோடு சரி, ஒப்பந்தம் உங்களுக்கும் அவருக்கும்தான்" என்று கை கழுவிவிட்டார்கள். நான் போட்ட ஒரு நட்சத்திர விமர்சனத்தையும், "தகராறில் உள்ளது" என்று தூக்கிவிட்டார்கள். அவனுடைய ஐந்து நட்சத்திரங்கள் எப்படி வந்தன என்று இப்போது புரிகிறதா? வங்கியோ, "ஆள் வந்தார், வேலை செய்தார்; இது மோசடி ஆகாது, சிவில் தகராறு" என்கிறது. 640 பவுண்டுக்கு மூன்று பக்கமும் கதவு சாத்திவிட்டார்கள். அந்தக் கதவுகள் மட்டும் காற்றுப் புகாமல் சாத்துகின்றன!

விவரமாகச் சொல்கிறேன் என்றேன். எழுத எழுத இரத்தம்தான் கொதிக்கிறது, அவசரமாகச் சொல்லிவிடுகிறேன். லாக் கேபின் நிலையைச் சுற்றி யாரையும் ஃபோம் அடிக்க விடாதீர்கள். கதவு சரியாகத் தொங்குகிறதா, கீல் தளர்ந்திருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். பாதிக் காற்று அங்கேதான். சீல் ஒட்டுவதென்றால் ஸ்பாஞ்ச் வேண்டாம், ரப்பர் பட்டை, அதுவும் இடுக்கின் அளவு பார்த்து. கேபினுக்குள் கேஸ் ஹீட்டரோ மண்ணெண்ணெய் ஹீட்டரோ வைத்திருந்தால் எல்லா இடுக்கையும் அடைக்கவே அடைக்காதீர்கள், கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொன்றுவிடும்.

பணம் கிரெடிட் கார்டில் மட்டும். 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரை என்றால் 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75வது பிரிவில் கார்டுக்காரனிடமே கேட்கலாம். வங்கியில் நேரே அனுப்பினால் அந்தப் பிரிவு உதவாது. ஆளின் முழு முகவரியை முதலிலேயே வாங்குங்கள். 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி வேலையை ஒழுங்காகச் செய்துதர வேண்டியது அவன் கடமை, 10,000 பவுண்டு வரை சிறு வழக்கு போடலாம், எல்லாம் சரி. நோட்டீஸ் அனுப்ப முகவரி வேண்டுமே! நான் இப்போது அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இங்கே ரெடிங் ஊர்ப் பக்கம் நல்ல தச்சர் யாராவது தெரிந்தால் சொல்லுங்கள். ஃபோமை வெட்டி எடுத்து, நிலையை நிமிர்த்தி, சீவிய ஓரத்துக்கு வார்னிஷ் போட வேண்டும். காசு வேலை முடிந்து ஒரு மழை பெய்த பிறகுதான், இப்போதே சொல்லிவிடுகிறேன்.