ஃபெஸ்ஸா, பிரெய்டா? பல வருஷம் கழித்துத் திரும்பப் போனால் எது?

குளிர்கால விடுமுறைக்கு அக்கா மகன் டர்பனில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். முன்பு நான் ரசித்து ஆடிய புதிர் விளையாட்டு ஒன்றை அவனோடு மறுபடி ஆட ஆசை. பழைய லேப்டாப்பில் இரண்டு இருந்தன: ஜோனதன் ப்ளோவின் பிரெய்ட் (2008), மொன்ட்ரியாலில் உருவான ஃபெஸ் (2012). இரண்டையும் ஆடினோம்.

ஓவியம், இசை இரண்டிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. தவறி விழுந்தாலும் பெரிய நஷ்டம் கிடையாது. எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு: விடை ஏற்கெனவே தெரிந்தவனுக்கு உள்ளே இன்னும் என்ன மிச்சம் இருக்கிறது?

பிரெய்டில் டிம் இளவரசியைத் தேடிப் போகிறான். நேரத்தைப் பின்னோக்கி ஓட்டலாம். ஓர் உலகத்தில் வலப்பக்கம் நடந்தால் நேரம் முன்னே ஓடும், இடப்பக்கம் நடந்தால் பின்னே. அற்புதமான யோசனை. ஆனால் அன்றைக்கு இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்ட அறைக்குள் இப்போது நுழைந்ததுமே விடை நினைவுக்கு வந்துவிட்டது. பையன் யோசிக்க, நான் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். கடைசிக் கட்டம் மட்டும் தெரிந்திருந்தும் உலுக்கியது. ஒளிந்திருக்கும் 8 நட்சத்திரங்களை நான் முழுதாகத் தேடியதில்லை, 2024இல் வந்த புதிய பதிப்பையும் தொடவில்லை. அதனால் பிரெய்டைப் பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஃபெஸ் அப்படியில்லை. சிவப்புத் தொப்பி போட்ட கோமஸ், தட்டையாகத் தெரியும் உலகத்தைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பிக்கொண்டே போகிறான். 32 கனசதுரம் சேர்ந்தால் ஒரு முடிவு வந்துவிடும். முதல் தடவை நான் அங்கேயே நிறுத்திவிட்டேன். ஆனால் இன்னொரு 32 பாக்கி இருக்கிறது. அதற்கு வழி சொல்வது சுவர்களில் உள்ள எழுத்துகளும் கட்டங்களும்தான். பாதிப் பேர் அவற்றை வெறும் அலங்காரம் என்று நினைத்துத் தாண்டிப் போயிருப்பார்கள்.

அந்த எழுத்துகளுக்கு நான் பிறகு எழுதிவைத்த பழைய குறிப்பு நோட்டைப் பையன் கண்ணில் காட்டவில்லை. நான்காவது நாள் ஒரு கல்தூண் பக்கம் நின்றான். "மாமா, அந்த நரி படுத்திருக்கிற நாயைத் தாண்டிக்கிட்டே இருக்கு, பாருங்க." கொஞ்ச நேரம் பேச்சில்லை. ஆங்கிலத்தின் 26 எழுத்தும் வரும் அந்தத் தட்டச்சு வாக்கியம் (The quick brown fox jumps over the lazy dog) அவனுக்குப் பொறி தட்டியது. தூணில் இருப்பது அதுதான் என்றால், எந்தக் குறி எந்த எழுத்து என்று தெரிந்துவிடும். சனிக்கிழமை தமிழ் வகுப்புக்குப் போகும்போது கோயில் பலகையை எழுத்துக் கூட்டி வாசிப்பானே, அதே முகம். மேலிருந்து கீழாக, வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் என்று எழுத்து ஓடுகிறது என்பதையும் அவனே பிடித்தான்.

குறை உண்டு. வரைபடம் தலையைச் சுற்றவைக்கும். நாலு நாள் விட்டுவிட்டால் எங்கே நின்றோம் என்றே தெரியாது. சில இடங்களில் கியூஆர் கோடு படிக்க போனும் வேண்டும். ஒரு கருங்கல் முன்னால் எந்தப் பொத்தான்களை எந்த வரிசையில் அழுத்துவது என்ற புதிருக்கு நேர்வழி எனக்குப் புலப்படவில்லை. உலகம் முழுக்க ஆட்டக்காரர்கள் ஒன்றுசேர்ந்து, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து உடைத்த புதிர் அது. நானும் அவர்கள் விடையைத்தான் போட்டேன்.

ஆனாலும் திரும்பப் போகிறவருக்கு நான் கைகாட்டுவது ஃபெஸ்ஸைத்தான். கையில் நோட்டும் பென்சிலும், பக்கத்தில் இன்னொருவரும் இருந்தால் ரொம்ப நல்லது.

ஊருக்குக் கிளம்பும் முன் என் நோட்டை எடுத்து அவன் பட்டியலோடு ஒத்துப் பார்த்தோம். என்னுடையதில் இரண்டு எழுத்து இடம் மாறியிருந்தன. அன்றைக்கு ஒரு சுவர் ஏன் வாசிக்கவே வரவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு, இருவருமாக அந்த அறைக்குப் போய் அதை வாசித்துவிட்டு வந்தோம்.